ஏழுக்கு இப்பாலும் அப்பாலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

மணமக்களுக்கு ஆரத்தி சுற்றும்போது தட்டிலிருக்கும் நீரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செக்கச் செவேல் என்றிருக்கும். அதில் கலந்தவை மஞ்சள் தூளும் சுண்ணாம்பும்தாம். ஒன்றின் நிறம் மஞ்சள், மற்றொன்றின் நிறம் வெள்ளை. சிவப்பு எங்கிருந்து வந்தது? முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் இக்கேள்வியைக் கேட்டபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் அந்த நீரை வாசலில் கொட்டக் கண்டவர்கள்தாம்!

மஞ்சளில் குர்குமின் என்னும் நிறமி உள்ளது. அமிலத்திலும் நடுநிலையான நீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். காரம் பட்டால் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு ஒரு காரம். குழம்புக் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதும், நன்றாக அலசியபின் மீண்டும் மஞ்சளாவதும் இதே காரணத்தால்தான். வேலியில் படரும் நீலச் சங்குப்பூவைக் கசக்கி நீரில் ஊறவைத்து, அதில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் நிறம் ஊதாச் சிவப்பாகும். சுண்ணாம்பு நீரை விட்டால் பச்சையாகும். இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் இத்தகைய பூச்சாறுகளைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் முறையை 1664-இல் நூலாக எழுதினார். ஆய்வகத்தில் நாம் கிழித்துக் கிழித்துப் போடும் லிட்மஸ் தாளும் கற்பாசி இனங்களிலிருந்து எடுத்த சாயம் தோய்த்ததே. பாயிலைப் படிக்காத நம் வீட்டுப் பெண்கள் நிறங்காட்டியை ஆரத்தித் தட்டிலேயே வைத்திருக்கிறார்கள் எனலாம்.

ஆனால் தமிழ் படிக்கும் மாணவனுக்கு இப்பாடத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. அது 'காரம்' என்னும் சொல். மிளகாயும் காரம், சோடியம் ஹைட்ராக்சைடும் காரம் என்றால் என்ன செய்வது? மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். அதற்கும் வேதியியல் கூறும் காரத்தன்மைக்கும் உறவில்லை. முகம் மழித்த பிறகு தேய்க்கும் படிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே காரம் இருக்கிறது. ஆனால் அதைக் கரைத்த நீரில் நீல லிட்மசை நனைத்தால் தாள் சிவக்கும். படிகாரத்திலுள்ள அலுமினிய அயனி நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் அயனியை வெளிவிடுவதால் கரைசல் அமிலமாகிறது. வெண்காரமோ பெயருக்கேற்ற காரந்தான். அதன் 0.01 மோலார் கரைசலின் பி.எச். 25 டிகிரி செல்சியசில் 9.18. இந்த மதிப்பு அசையாமல் நிற்பதால் கருவியைச் சரிபார்க்க உலகெங்கும் இக்கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பெயரை நம்பியும் நாக்கை நம்பியும் அமிலம், காரம் பிரிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். (நாக்கைப் பற்றி இப்படி எழுதிவிட்டேன், பின்னால் இதை ஓரளவு திரும்பப் பெற வேண்டியிருக்கும்.)

எதை அளப்பது?

நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சில் அயனியைத் தருவது காரம் என்னும் விளக்கம் சுவீடன் நாட்டு அரீனியசுடையது. 1884-இல் அவர் அளித்த ஆய்வேட்டில் இக்கொள்கைக்கு வித்திட்டார். பின்னர் 1923-இல் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் இருவர் தனித்தனியே அதை விரிவாக்கினர். அவ்வளவு தூரம் நாம் இங்குப் போக வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஒன்றே: தூய நீரிலும் இவ்விரு அயனிகளும் சிறிதளவு உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷ மோல், ஹைட்ராக்சில் அயனியும் 10⁻⁷ மோல். இரண்டையும் பெருக்கினால் 10⁻¹⁴. அமிலம் சேர்த்தாலும் காரம் சேர்த்தாலும் இப்பெருக்கல் தொகை மாறாது. கிணற்று ஏற்றத்தின் இரு முனைகள் போல, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும். எனவே ஒரு முனையை அளந்தாலே போதும்.

ஆனால் 0.0000001 என்று எழுதிக்கொண்டிருந்தால் சுழியை எண்ணுவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம் என்று ஒன்று உண்டு. பீர் வடிக்கும் தொழிலையொட்டி எழுந்தது அது. அங்கே நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன் என்பார் நொதிகளின் வேலை ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதைக் கண்டார். நாள்தோறும் இச்சிறு எண்களோடு மல்லாடியவர், 1909-இல் ஒரு வழி சொன்னார்: செறிவை எழுத வேண்டாம், பத்தின் அடுக்கை மட்டும் எழுதுங்கள், அதிலுள்ள கழித்தல் குறியையும் விட்டுவிடுங்கள். 10⁻⁷ என்பது 7 ஆயிற்று. இதுவே பி.எச். கணிதத்தில் சொன்னால் ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை.

வசதியான வழிதான். ஆயினும் வழுக்கி விழ இரண்டு இடங்கள் உண்டு. கழித்தல் குறியை விட்டதால், எண் குறையக் குறைய அமிலத்தன்மை ஏறுகிறது. இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். மடக்கை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பி.எச். 5-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு ஒன்று அன்று, பத்து மடங்கு. 6-க்கும் 3-க்கும் இடையே மூன்று படி இல்லை, ஆயிரம் மடங்கு இருக்கிறது. பி.எச். 3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் ஒரு லிட்டரையும், 5 உள்ளது ஒரு லிட்டரையும் கலந்தால் கிடைப்பது என்ன என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 4 என்பார்கள். விடை 3.3.

தேர்வில் அடிக்கடி வரும் மற்றொரு கேள்வியும் உண்டு. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? சூத்திரத்தில் போட்டால் 8 வரும். அமிலத்தை நீரில் விட்டுக் காரம் ஆக்கிய பெருமை நம்மைச் சேரும்! நீர் தானாகவே தரும் 10⁻⁷-ஐக் கணக்கில் சேர்க்க மறந்ததே பிழை. சரியான விடை 6.98.

7 என்பதையும் தெய்வ வாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அது 25 டிகிரிக்கு உரியது. வெப்பம் ஏறினால் நீர் கூடுதலாக அயனியாகிறது. 35 டிகிரியில் நடுநிலை 6.84-க்கு இறங்கிவிடும். சித்திரை மாதத்துக் கடலூரில் மின்விசிறி நின்றுபோன ஆய்வகத்தில் கருவி 6.84 காட்டினால், தூய நீர் அமிலமாகிவிட்டதென்று யாரும் பதற வேண்டாம். அளவுகோல் 0-வில் தொடங்கி 14-இல் முடிகிறது என்பதும் நடைமுறை வசதியே. மிகச் செறிந்த அமிலங்களின் பி.எச். சுழிக்குக் கீழேயும் போகும்.

சில மதிப்புகளைச் சொல்கிறேன். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. புளித்த இட்லி மாவு 4.5 அளவில், காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழைநீரும் 5.6, பசும்பால் 6.6, நம் இரத்தம் 7.35 முதல் 7.45 வரை, கடல்நீர் 8.1, தெளிந்த சுண்ணாம்பு நீர் 12.4. தொழிற்புரட்சிக்குப் பின் கரியமில வாயு மிகுந்ததால் உலகக் கடல்களின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. 0.1 தானே என்று தோன்றும். மடக்கையைப் பிரித்துப் பாருங்கள்: ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பரங்கிப்பேட்டைக் கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஓடு கட்டும் உயிர்களுக்கு இந்தக் கால் பங்கு சிறிய செய்தியன்று.

தீவிரம் வேறு, இருப்பு வேறு

பியூரெட்டைப் பிடித்துப் பழகிய பின்னும் எனக்கு நெடுநாள் விளங்காமலிருந்தது இது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1. அதே 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தின் பி.எச். ஏறத்தாழ 2.9. முன்னதில் ஹைட்ரஜன் அயனி எண்பது மடங்கு அளவுக்கு அதிகம். அப்படியானால் அதை நடுநிலையாக்க எண்பது மடங்கு சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டுமல்லவா? இல்லை. இரண்டிலும் 10 மில்லிலிட்டர் எடுத்துப் பினால்ப்தலின் விட்டுத் தரம் பார்த்தால், இரண்டுக்கும் செலவாவது அதே 10 மில்லிலிட்டர் 0.1 மோலார் காரந்தான். அசெட்டிக் அமிலம் தன் ஹைட்ரஜனை முழுதும் வெளியே விடாமல் மூலக்கூறுக்குள் வைத்திருக்கிறது. வெளியே வந்தது தீரத் தீர உள்ளிருப்பது வருகிறது. சட்டைப் பையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்து ஒருவருடைய சொத்தை மதிப்பிட முடியுமா? பி.எச். காட்டுவது சட்டைப் பையை மட்டுமே. பெட்டியில் எவ்வளவு என்பதைத் தரம் பார்த்தே அறிய வேண்டும்.

பி.எச். ஓர் எண், அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை. இதை நான் புத்தகத்தில் கற்றிருந்தேன். உண்மையில் கற்றது எங்கள் வயலில்.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழியை ஒட்டியது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் பகுதிக்கு இடைப்பட்ட அந்த நிலப்பரப்பில் கோடையில் கழிநீர் ஏறுவதும் மழைக்காலத்தில் இறங்குவதும் வழக்கம். மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் நாடெங்கும் வந்தது. அதன்படி எங்கள் கழியோர வயலுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. முதல் வரியிலேயே பி.எச். 8.1 என்றிருந்தது. ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். அப்பா வயல் மண்ணைக் கரைத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கரிக்குதுடா, நாற்றங்காலை மேட்டுக்கு மாத்திடலாம்" என்றார். நான் அட்டையைக் காட்டினேன். "8.1 என்பது மிக இலேசான காரம், அப்பா. நெல்லுக்கு ஒன்றும் செய்யாது. நாக்குக்குத் தெரியுமா இதெல்லாம்?" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் சொல்லும்போது அவர் என்ன பேசுவார்? கழியோரத்திலேயே நாற்று விட்டார். பன்னிரண்டாம் நாள் நாற்று நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. கல்லாதவர் பயன் விளையாத களர் நிலத்தைப் போன்றவர் என்கிறது திருக்குறள். அன்று கற்றவனாக வரப்பில் நின்றவன் நான்.

அட்டையின் இரண்டாம் வரியை நான் படிக்கவேயில்லை. மின்கடத்துதிறன் என்ற அவ்வரியில் எண் வரம்பை மீறியிருந்தது.

உவரும் களரும்

நம் உழவர்கள் உவர் நிலம், களர் நிலம் என்று இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். ஊரில் பலர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வழங்குவதும் உண்டு. வேதியியல் இவ்விரண்டையும் கூர்மையாகப் பிரிக்கிறது. இரண்டிலும் குற்றவாளி சோடியந்தான். ஆனால் அது யாரோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

உவர் நிலத்தில் சோடியம் பெரும்பாலும் குளோரைடோடு சேர்ந்து சாதாரண உப்பாக இருக்கிறது. வலிமையான அமிலமும் வலிமையான காரமும் சேர்ந்து பிறந்தது அவ்வுப்பு, நீரோடு வினைபுரியாது. ஒரு குவளை நீரில் ஒரு பிடி உப்பைக் கொட்டினாலும் பி.எச். பெயரளவுக்கே மாறும். லிட்மஸ் அசையாது. பி.எச். மானிக்கு உப்பு கண்ணில் படாத பொருள். பயிருக்கோ அதுவே எமன். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் அவை நீர் விட்டுச் சுருங்குவதை ஊறுகாய்ச் சாடியில் பார்க்கிறோம். சவ்வூடு பரவலின்படி நீர் செறிவு மிகுந்த பக்கம் இழுக்கப்படுகிறது. உவர் மண்ணில் வேரின் கதியும் இதுவே. காலடியில் நீர் நிற்கும், பயிர் தாகத்தால் கருகும்.

களர் நிலத்தில் சோடியம் கார்பனேட்டோடும் பைகார்பனேட்டோடும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. கார்பனேட்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்வதால் ஹைட்ராக்சில் அயனி மிகுந்து பி.எச். 8.5-ஐத் தாண்டும், 10-ஐயும் எட்டும். அந்நாளில் துணி வெளுக்க உவர்மண் எடுத்து வந்தார்களே, அழுக்கைப் போக்கியது இந்தச் சோடியம் கார்பனேட்டுதான். (பெயர் உவர்மண், குணம் களர். மீண்டும் பெயர்க் குழப்பம்!) களரில் களிமண் துகள்களின் மேல் சோடியம் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தனித்தனியே பிரித்துவிடுகிறது. மழை பெய்தால் நீர் இறங்காமல் கலங்கி நிற்கும். காய்ந்தால் மண் கல்லாய் இறுகும். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் கரையாமல் போவதால் இலை வெளுக்கும்.

இவற்றை அளக்க ஒன்றுக்கு இரண்டு எண் வேண்டும். செறிவூட்டிய மண்சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேலும் பி.எச். 8.5-க்குக் கீழும் இருந்தால் உவர். கடத்துதிறன் 4-க்குக் கீழும், பி.எச். 8.5-க்கு மேலும், மண் துகள் பற்றியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் களர். இரண்டும் கலந்த நிலங்களும் உண்டு.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடலூர் மாவட்டக் கரையோர வயல்களில் ஏறியது. கடல்நீரின் பி.எச். 8.1 என்று மேலே சொன்னேன். வயல் மண்ணின் பி.எச். பல இடங்களில் அதற்கு அருகில்தான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அலை வந்த வயலையும் வராத வயலையும் பிரிக்கப் புகுந்தால் தோற்றுப்போவோம். ஆனால் கடல்நீரின் ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு. அதன் மின்கடத்துதிறன் 50 டெசிசீமென்ஸ் அளவில். இரண்டாவது எண்ணைக் கேட்டால் வயல் உடனே உண்மையைச் சொல்லிவிடும்.

எங்கள் நாற்று கருகியதும் அண்டை வயல்காரர்கள் ஜிப்சம் போடச் சொன்னார்கள். கடன் வாங்கியாவது போட அப்பா ஆயத்தமானார். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு, அட்டையைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டாம் வரியில் விரலை வைத்தார்.

ஜிப்சம் களருக்கு உரிய மருந்து. அது வேலை செய்யும் விதம் அழகானது. காரத்தைத் தணிக்க அமிலம் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ஜிப்சமோ அமிலமன்று; கால்சியம் சல்பேட்டு என்னும் ஏறக்குறைய நடுநிலையான உப்பு. அதன் கால்சியம், கார்பனேட்டைப் பிடித்துக் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கிறது. ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டிருந்த கை கட்டப்பட்டுவிட்டதால் பி.எச். தானே இறங்குகிறது. களிமண்மேல் ஒட்டியிருந்த சோடியத்தையும் கால்சியம் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது. தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகி நீரில் கரைகிறது. அந்நீரை வடிக்காவிட்டால் போட்ட ஜிப்சம் வீண். உழவர்கள் களரில் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவதும் இதற்குத் துணை. அது மக்கும்போது எழும் கரியமில வாயு நீரில் கரைந்து, மண்ணிலேயே உள்ள சுண்ணாம்பைச் சிறிது கரைத்துக் கால்சியம் தருகிறது.

எங்களுடையது உவர். அதில் கார்பனேட்டு மிகுதியில்லை. ஜிப்சத்துக்கு அங்கே பெரிய வேலையுமில்லை. வேண்டியது நல்ல நீரும் வடிகாலும். 2004-க்குப் பின் கரையோர வயல்களின் உப்பைக் கழுவியதும் அடுத்த பருவங்களின் மழைதான்.

வாங்கிய நாற்றை மேட்டு வயலில் நட்டோம். கழியோர வயலை அந்தப் பருவம் தரிசாக விட்டு, வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தேக்கி நிறுத்தி வடித்தோம். கார்த்திகையிலும் இருமுறை அவ்வாறே செய்தோம். மார்கழியில் மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு மானிகளிலும் அளந்தேன். பி.எச். 8.0. ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது. மின்கடத்துதிறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

மண் எடுக்கப் போன அன்று அப்பாவும் வரப்பில் இருந்தார். நான் பையில் மண்ணை அள்ளுவதற்கு முன் ஒரு சிட்டிகையைக் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாதிதான் போயிருக்கு. எதுக்கும் நீ அளந்து பாரு" என்றார்.